டர்பனிலிருந்து க்ளோப்ஸ் ஊர்வலத்துக்கு: நண்பர்களோடு கேப் டவுனில் புத்தாண்டு வாரக்கடைசி

2027-இல் ஜனவரி 2 சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாள் வெள்ளி, புத்தாண்டு விடுமுறை. வியாழன் மதியம் டர்பனில் விமானம் ஏறினால் கேப் டவுனின் காப்ஸ க்ளோப்ஸ் ஊர்வலத்தை (சாட்டின் உடையில் ஆடிப் பாடி வரும் உள்ளூர்க் குழுக்களின் அணிவகுப்பு) முழுதாகப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு வீட்டில் படுக்கலாம். அடுத்த ஆண்டே அந்தத் தேதி ஞாயிறில் விழுகிறது, பிறகு வாரநாளுக்குப் போய்விடும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமிருந்து நண்பர்கள் சேர்ந்து போக நினைத்தால் இது நல்ல வாய்ப்பு. கோயிலில் காவடி எடுப்பவர்களுக்கும் தோதுதான். தைப்பூசம் ஜனவரி பிற்பகுதியில் வருவதால் கொடியேற்றத்துக்கு முன்பே திரும்பிவிடலாம்.

இந்தப் பயணம் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, தேதியை உறுதி செய்யாமல் டிக்கெட் போடுவது. இன்னொன்று, ஊர்வலத்தைப் பார்க்க நடைபாதையில் நல்ல இடம் பிடிக்காதது. மற்றதெல்லாம் சமாளிக்கக் கூடியவை.

முதலில் தேதி

ஜனவரி 2-ஐ அங்கே ட்வியட நூவ யார், அதாவது இரண்டாம் புத்தாண்டு என்கிறார்கள். டச்சுக்காரர் ஆண்ட காலத்திலிருந்து புத்தாண்டன்று எஜமானர் வீட்டு விருந்துக்கு வேலை செய்த அடிமைகளுக்கு மறுநாள் ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வு நாளின் ஆட்டமும் பாட்டும்தான் இந்த ஊர்வலமாக வளர்ந்தது. 1834 டிசம்பர் 1-இல் கேப்பில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனால் பழைய எஜமானரிடமே கட்டாயமாக வேலை செய்யவேண்டிய நிலை 1838 வரை நீடித்தது. விடுதலையின் மகிழ்ச்சியும் இந்த நாளோடு சேர்ந்துகொண்டது.

தேதி எப்போதும் 2-ஆகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆடுபவர்களில் முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. அதனால் 2-ஆம் தேதி வெள்ளியிலோ ஞாயிறிலோ வந்தால் ஊர்வலம் தள்ளிப்போவது வழக்கம். காவல், போக்குவரத்து ஏற்பாடு, பணம் என்று நகராட்சிக்கும் அமைப்பாளர்களுக்கும் இடையே இழுபறி வந்து மாறிய ஆண்டுகளும் உண்டு. சனிக்கிழமை என்பதால் 2027-க்கு ஆபத்து குறைவு. இருந்தாலும் டிசம்பர் நடுவில் கேப் டவுன் நகராட்சியின் அறிவிப்பைப் பாருங்கள். தேதி, தொடங்கும் நேரம், பாதை, அடைக்கப்படும் தெருக்கள் எல்லாம் அதில் இருக்கும். பாதையும் சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. இங்கே சொல்லும் இடங்கள் எல்லாம் பழைய வழக்கப்படியான பாதையை வைத்தவை: டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் ஹானோவர் தெருப் பக்கம் தொடங்கி, டார்லிங் தெருவில் சிட்டி ஹாலைக் கடந்து, ஆடர்லி தெருவில் திரும்பி, வேல் தெருவில் ஏறி போ-காப்பில் முடிவது.

டிக்கெட், தங்குமிடம், பணம்

காரில் போகலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரு வழிக்கே 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஓய்வில்லாமல் ஓட்டினாலும் பதினாறு, பதினேழு மணி நேரம். புத்தாண்டு வாரத்தில் நெடுஞ்சாலைகள் நிரம்பி வழியும், விபத்துகளும் அதிகம். வாரக்கடைசிப் பயணத்துக்கு இது சரிவராது. கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து நேர் விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூட.

பள்ளி விடுமுறை என்பதால் டிக்கெட் விலை ஏறும். போகும் டிக்கெட்டைவிட ஜனவரி 3, 4-இல் திரும்பும் டிக்கெட்தான் முதலில் தீரும். ஆகஸ்ட், செப்டம்பருக்குள் எடுத்துவிடுங்கள். மிகக் குறைந்த கட்டணத்தில் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான், அதுவும் ஏழு கிலோ. எட்டுப் பேர் போனால் ஆளுக்கொரு பெட்டி தேவையில்லை. எல்லாருக்குமாக இரண்டு பெட்டிக்கு மட்டும் பணம் கட்டி, சாப்பாட்டுச் சாமான், தொப்பி, ஜாக்கெட் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். கேஸ் அடுப்பின் சிலிண்டரை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற மாட்டார்கள்.

ஆள் எண்ணிக்கை நான்கு அல்லது எட்டாக இருந்தால் நல்லது. சாதாரண ஊபர், போல்ட் வண்டியில் நான்கு பேர்தான் ஏறலாம். ஐந்து பேராகப் போனால் ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வண்டிக்குப் பணம் கொடுப்பீர்கள். எட்டுக்கு மேல் போனால் கூட்டத்தில் ஆளைத் தேடுவதிலேயே நாள் போய்விடும்.

ஊர்வலப் பாதையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தங்குங்கள். கார்டன்ஸ், டாம்பர்ஸ்க்லூஃப், நகர நடுப்பகுதி, ஸோனபுளூம் எல்லாம் பொருந்தும். அன்று தெருக்கள் அடைக்கப்படுவதால் கடற்கரைப் பக்கம் தங்குபவர்கள் இரவு வண்டி கிடைக்காமல் நின்றுவிடுவார்கள். மலிவாகக் கிடைத்தாலும் அதற்கு மயங்காதீர்கள். போ-காப்பிலேயே வீடு கிடைத்தால் அருமைதான், ஆனால் அது பல தலைமுறையாகக் குடும்பங்கள் வாழும் முஸ்லிம் குடியிருப்பு. வீட்டு வாசலில் குடிக்கக் கூடாது. விடிகாலைத் தொழுகை அழைப்பு கேட்கும். வண்ணச் சுவரில் சாய்ந்து படம் எடுக்குமுன் வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும். புத்தாண்டுக்குப் பல இடங்களில் குறைந்தது மூன்று இரவு எடுக்கச் சொல்வார்கள். வியாழன், வெள்ளி, சனி என்று உங்களுக்கும் அதே மூன்று இரவுதான்.

பணத்துக்கு ஸ்டோக்ஃபெல் முறையே சிறந்தது. மே முதல் நவம்பர் வரை மாதம் ஒரே தொகையை எல்லாரும் ஒருவரிடம் கட்டிவிடுங்கள். விமானம், வீடு, ஊபர், பொதுச் சாப்பாடு அனைத்தும் அந்தப் பையிலிருந்து போகட்டும். சொந்தமாக வாங்குவதும் குடிப்பதும் அவரவர் பணம். அங்கே போய் ஒவ்வொரு பில்லையும் எட்டாக வகுக்க ஆரம்பித்தால் இரண்டாம் நாளே முகம் வாடும். கடைசி நேரத்தில் வராமல் நின்றுவிடுபவருக்குப் பணம் திரும்புமா என்பதையும் மே மாதமே பேசிவிடுங்கள்.

வாடகை கார் எடுப்பதைப் பலரும் முதலில் யோசிப்பார்கள். வியாழன் முதல் சனி வரை அது சும்மா நிற்கும். பாதையில் நிறுத்தியிருந்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விமான நிலையம் நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர்தான், ஊபரிலேயே போய்வாருங்கள். நகரத்துக்குள் மைசிட்டி பஸ் உண்டு, ஆனால் ஏறும்போது ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

வியாழனும் வெள்ளியும்

டிசம்பர் 31 இரவு போ-காப்பில் மலாய்ப் பாடகர் குழுக்கள் தெருத் தெருவாக நடந்து பாடும். க்ளோப்ஸின் சாட்டின் பளபளப்பு இங்கே இருக்காது. கோட்டு சூட்டு அணிந்த ஆண்கள், கிட்டார், பான்ஜோ, கூமா மத்தளம். வீட்டு வாசலில் மேசை போட்டுப் பலகாரமும் பானமும் வைத்து அவர்களை வரவேற்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகும் நீளும். வாட்டர்ஃபிரண்டில் கூட்டத்தோடு நெரிபடுவதைவிட இதற்குப் போவதையே நாங்கள் சொல்வோம். மேசையில் இருப்பது பாடகர்களுக்கு. வீட்டுக்காரர் கூப்பிட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி காலை நிதானமாக எழுந்து கோயிலுக்குப் போகலாம். அத்லோனுக்குப் பக்கத்தில் ரைலண்ட்ஸ், நிறவெறிச் சட்டக் காலத்தில் இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி. அங்கே சிவாலயம் இருக்கிறது. டர்பன் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பக்கம் உறவு உண்டு. நாற்காலி, கூலர் பாக்ஸ், பெரிய பாத்திரம் போன்றவற்றைக் கடன் கேட்க இதுதான் சமயம். விமானத்தில் கொண்டுவர முடியாதவை இவைதான்.

கடலில் இறங்கப்போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். டர்பன் கடல் போல இருக்காது. கிளிஃப்டன், கேம்ப்ஸ் பே பக்கம் அட்லாண்டிக் நீர் கோடையிலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். கால் வைத்ததும் எலும்பு வலிக்கும். ஏனென்றால் தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வருகிறது. குளிக்க வேண்டுமானால் ஃபால்ஸ் பே பக்கம் மியூசன்பர்க் போங்கள், அங்கே நீர் சில டிகிரி வெதுவெதுப்பு. புத்தாண்டன்று கடற்கரையில் மதுபானத்தைப் பறிமுதல் செய்வார்கள். டேபிள் மலை கேபிள் காருக்கும் காற்றுதான் எஜமானன், காற்று கூடினால் நிறுத்திவிடுவார்கள்; காலையிலேயே நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு சீக்கிரம் படுங்கள். கேப் டவுனில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் மறைவது எட்டு மணிக்கு, டர்பனைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிந்தி. வெளிச்சம் இருக்கிறதே என்று சுற்றிக்கொண்டிருந்தால் தூங்கும் நேரம் தெரியாமலே போய்விடும். மறுநாள் முழுக்கக் காலில் நிற்கவேண்டும்.

இடம் பிடிப்பது

உள்ளூர்க் குடும்பங்கள் முந்தைய நாளே வந்துவிடுவார்கள். நடைபாதையில் கேஸிபோ என்னும் கூரைப் பந்தல், சோபா, மெத்தை, கூலர் பாக்ஸ், பாட்டி முதல் கைக்குழந்தை வரை. டேப் ஒட்டிப் பெயர் எழுதி இடம் குறித்திருப்பார்கள். பல குடும்பங்களுக்கு ஆண்டாண்டாக அதே மூலைதான். 1966 பிப்ரவரி 11-இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டு அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் நகருக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் பகுதிக்கு விரட்டப்பட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் நகரத்தின் நடுவில் உட்காரும் நாள் இது. கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த டேப்புக்குள் கால் வைக்காதீர்கள். அவர்கள் முன்னால் போய் நிற்காதீர்கள்.

அப்படியானால் வெளியூர்க்காரர்கள் எங்கே நிற்பது? சனி காலை ஒன்பது மணிக்குள் பாதைக்குப் போய்விடுங்கள். குடும்பங்களின் நாற்காலி வரிசைக்குப் பின்னால் கடைச் சுவரை ஒட்டி இடம் இருக்கும். உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே நின்று பார்த்தால் நன்றாகவே தெரியும். “உங்கள் பின்னால் நிற்கலாமா?” என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு, சேவ் டப்பாவை முன்வரிசையில் நீட்டுங்கள். அதற்குப் பிறகு யார் எந்தக் குழு, எந்தப் பேரன் எந்த வரிசையில் வருகிறான் என்று அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கையேட்டில் கிடைக்காத தகவல் அது.

எந்தத் தெரு? மூன்றுக்கும் மூன்று குணம்.

டார்லிங் தெருவில் சிட்டி ஹாலுக்கும் கிராண்ட் பரேடு திடலுக்கும் நடுவே இடம் அகலம், ஆட்டக்காரர்களுக்குத் தெம்பும் அதிகம். வெயில்தான் தொல்லை. தெரு ஏறக்குறைய மேற்கு நோக்கி ஓடுவதால் பிற்பகல் வெயில் தெரு நீளத்துக்கும் அடிக்கும், நிழலே இருக்காது.

ஆடர்லி தெருவில் சிக்னல் மலைப் பக்கத்து நடைபாதையில் நில்லுங்கள். உயரமான கட்டடங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பிற்பகலில் அவற்றின் நிழல் உங்கள்மேல் விழும். எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் ஐந்து மணி வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஃபோர்ஷோர் பக்கம் மட்டும் இறங்காதீர்கள். டேபிள் மலையிலிருந்து இறங்கும் தென்கிழக்குக் காற்று அந்த முனைகளில் ஆளையே தள்ளும்.

வேல் தெரு குறுகல், ஏற்றம். குழுக்கள் இங்கே வரும்போது களைத்திருப்பார்கள். ஆனால் இரு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பும் டிரம்பெட் சத்தம் வேறெங்கும் கேட்காது, வீடு நெருங்கிவிட்ட உற்சாகமும் தெரியும். முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: மதியம் ஆடர்லி தெரு, ஆறு மணிக்குப் பிறகு வேல் தெரு.

இரண்டும் சேரும் முனையில் ஸ்லேவ் லாட்ஜ் கட்டடம் நிற்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைக்க 1679-இல் கட்டியது. இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், வங்காளத்தோடு நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஆட்களைப் பிடித்து வந்தார்கள். பழைய பதிவேடுகளில் ‘ஃபான் கோரமண்டல்’ என்று ஊர்ப்பெயரோடு எழுதியிருக்கிறது. 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நட்டாலுக்கு வந்ததற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே நம் கரையோரத்தார் இந்த ஊரில் உழைத்திருக்கிறார்கள். இப்போது அது அருங்காட்சியகம். விடுமுறையில் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் பக்கத்திலேயே சர்ச் சதுக்கத்தில் அடிமைகளின் பெயர் பொறித்த கருங்கல் பாளங்கள் திறந்தவெளியில் இருக்கின்றன. வெள்ளி மாலை ஆளில்லாத நேரத்தில் அவற்றைப் பார்த்துவிட்டால், மறுநாள் அதே முனையில் பத்தாயிரம் பேர் ஆடித் திரும்பும்போது பார்க்கும் பார்வையே மாறியிருக்கும்.

கேஸிபோ வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது. மூன்றுக்கு மூன்று மீட்டர் கூரையைத் தென்கிழக்குக் காற்று தூக்காமல் இருக்க ஒவ்வொரு காலிலும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனாவது கட்டவேண்டும். நான்கு காலுக்கு 80 கிலோ. இரண்டு லிட்டர் கோக் பாட்டில்களைக் கட்டி ஏமாறுபவர்கள் உண்டு. அது பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் குழந்தைமேல் விழும். உறவுக்காரர் பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி முந்தைய நாளே கொண்டுவந்து கட்டித் தந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆளுக்கு வேண்டியது: அகல விளிம்புத் தொப்பி, தாடையில் கட்டும் கயிற்றோடு. 50 எஸ்பிஎஃப் சன்ஸ்கிரீன், இரண்டு மணிக்கொருமுறை பூச. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவதே தெரியாது, அதனால்தான் டர்பன்காரர்கள் அங்கே தோல் உரிந்து திரும்புகிறார்கள். இருட்டிய பிறகு போட மெல்லிய ஜாக்கெட். முன்மூடிய காலணி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பாதியை முந்தைய இரவே உறையவையுங்கள், கூலர் பாக்ஸுக்கு அதுவே ஐஸ். குடை வேண்டாம். கேப்பில் மழை குளிர்காலத்தில்தான், வெயிலுக்கு விரித்தாலும் காற்று உடைத்துவிடும், பின்னால் நிற்பவருக்கும் மறைக்கும்.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இடத்தைவிட்டுப் போகாதீர்கள். இருவர் இருவராக முறை போடுங்கள். ஒரு குழு கடந்துகொண்டிருக்கும்போது தெருவைக் குறுக்கே தாண்ட விடமாட்டார்கள், சில சமயம் இருபது நிமிடம் காத்திருக்கவேண்டும். ஆகவே கழிப்பறை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே இடம் பிடியுங்கள்.

சாப்பாடு

ஜனவரி 1 வெள்ளி என்பதால் விரதக்காரர்கள் இருப்பார்கள். அன்று போ-காப்பிலும் கேட்ஸ்வில்லிலும் டால்ச்சி வாங்குங்கள்: கடலை மாவில் வெங்காயம், கீரை, கொத்தமல்லி, மிளகாய் போட்டுப் பொரித்தது, நம் பஜ்ஜிக்கு நெருங்கிய உறவு. அதே எண்ணெயில் கறிச் சமோசாவும் பொரிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்ஸ்பி என்பது முழங்கை நீள ரொட்டிக்குள் சிப்ஸும் மசாலா ஸ்டேக்கும் திணித்தது. ஒன்றை நான்காக வெட்டித் தருவார்கள். எட்டுப் பேருக்கு இரண்டு போதும். சைவருக்குச் சிப்ஸும் ஆச்சாரும் மட்டும் வைத்துக் கேட்டால் தயங்காமல் செய்து தருவார்கள்.

ஊர்வல நாளில் கடை வரிசையை நம்பாதீர்கள், புளிச்சோறு கட்டுங்கள். எட்டுப் பேருக்கு அரிசி 1 கிலோ, புளி 130 கிராம், நல்லெண்ணெய் 150 மில்லி. புளிக்காய்ச்சலை டர்பனிலேயே எண்ணெய் மேலே மிதந்து நிற்கும் வரை சுண்டக் காய்ச்சி, ஆறியதும் உறையவைத்து, இரட்டைப் பையில் கட்டிப் பெட்டியில் போடுங்கள். நீர்ப்பதம் மிஞ்சினால் கெட்டுவிடும், பெட்டியிலும் கசியும். சனி காலை அங்கே சோறு வடித்து, அகலத் தட்டில் அரைமணி நேரம் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கலவுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து மதியத்துக்குள் வாடை வந்துவிடும். தேங்காய் சேர்க்காதீர்கள், காரணம் தெரிந்ததே. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலும் மாங்காய் ஊறுகாயும். தெருவில் மது குடிப்பது சட்டப்படி குற்றம். போலீஸ் பறித்துக்கொள்வார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கும் அது பிடிக்காது.

ஊர்வலத்தைப் பார்ப்பது

அறிவித்த நேரத்தில் தொடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழுக்கள் கேப் ஃபிளாட்ஸிலிருந்து பஸ்களில் வரவேண்டும், இறங்கி வரிசை கட்டவேண்டும். மதியத்தில் தொடங்கி இரவு வரை போகும். இரண்டு குழுவுக்கு நடுவே அரைமணி வெற்றிடம் விழுவது சாதாரணம். ‘முடிந்துவிட்டது போலிருக்கிறது’ என்று அந்த இடைவெளியில் கிளம்பிப் போகிறவர்கள்தான் நல்லதைத் தவறவிடுகிறார்கள்.

ஒவ்வொரு குழுவிலும் சில நூறு பேர் முதல் ஆயிரத்துக்கும் மேல். பென்சில்வேனியன்ஸ், ஃபேபுலஸ் வுட்ஸ்டாக் ஸ்டார்லைட்ஸ் போன்ற பெயர்களைப் பதாகையில் பார்ப்பீர்கள். முன்னால் கோல் சுழற்றிவரும் டிரம் மேஜர். அவர் குனிந்து, முழங்கால் மடக்கி, பின்னால் சாய்ந்து திரும்புவதைக் கவனியுங்கள், போட்டியில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. பிறகு டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் வாசிக்கும் பித்தளைக் குழு. அதன் பின் பான்ஜோ, தம்பூரின், கூமா. கூமா அந்தக் காலத்தில் திராட்சை மதுப் பீப்பாயின் ஒரு வாயில் தோல் அடித்துச் செய்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் அடிப்பார்கள். அதன் நடை காதில் பிடிபட்டுவிட்டால் நாள் முழுக்கக் கால் நிற்காது.

சாட்டின் உடையின் நிறத்தைக் குழுக்கள் அந்த நாள் வரை ரகசியமாக வைத்திருக்கும். கிட்டத்தில் வரும்போது தையலைப் பாருங்கள்: முதுகில் குழுப் பெயரும் ஆண்டும், கை விளிம்பில் மாற்று நிறப் பட்டி, குழந்தைக்கும் தாத்தாவுக்கும் ஒரே துணியில் ஒரே வெட்டு. கையில் சின்னக் குடை, முகத்தில் குழு நிறச் சாயமும் மினுக்கும்.

நடைபாதையில் நின்றபடி எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். வரிசைக்குள் நுழையாதீர்கள், இடைவெளி குலைந்தால் பின்னால் வருபவர்கள் இடிபடுவார்கள், மார்ஷல்கள் வெளியே தள்ளுவார்கள். ஆடுகிறவர்களைப் படம் எடுப்பதில் தடையில்லை, ஆனால் ஓரத்தில் ஓய்வெடுக்கும் குழந்தைகளை எடுக்குமுன் பெற்றோரிடம் கேளுங்கள். இந்த விழாவைக் குறிக்கப் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றைச் சிலர் சொல்வார்கள். வெளியூர்க்காரர் வாயில் அது வசையாகும். க்ளோப்ஸ் என்றே சொல்லுங்கள்.

கூட்டத்தில்

போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அத்தனை பேர் ஒரே இடத்தில் வீடியோ அனுப்பினால் வாட்ஸப் செய்தி அரைமணி கழித்துத்தான் வரும். நேரமும் இடமும் முன்பே பேசிவிடுங்கள்: பிரிந்துவிட்டால் மாலை ஐந்துக்கும் எட்டுக்கும் சிட்டி ஹால் முன்னால். மாடத்தில் மண்டேலா சிலை நிற்பதால் யாருக்கும் அடையாளம் தெரியும். 1990 பிப்ரவரி 11-இல் விடுதலையான அன்று அவர் பேசியது அங்கிருந்துதான். ‘கடைக்குப் பக்கத்தில்’ என்பது போலச் சொன்னால் அன்று பயன்படாது, கடைகள் கேஸிபோக்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

போனைக் கழுத்துக் கயிற்றில் மாட்டி உடைக்குள் போடுங்கள். பின் பாக்கெட் போனும் தோளில் தொங்கும் கைப்பையும் முதலில் போகும். தெருவோர ஏடிஎம்மில் உதவ வருபவர் யாராக இருந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். தேவையான ரொக்கத்தை வெள்ளியன்றே மாலுக்குள் எடுத்துவையுங்கள். குழந்தை கூட வந்தால் மணிக்கட்டில் அழியாத பேனாவால் இரண்டு பெரியவர்களின் எண்ணை எழுதுங்கள். அவசரத்துக்கு மொபைலிலிருந்து 112, நகராட்சி அவசர சேவைக்கு 021 480 7700.

இரவு திரும்பும்போது பாதையை ஒட்டிய தெருவில் ஊபர் கூப்பிட்டால் வண்டி உள்ளே வர முடியாமல் ரத்து செய்துகொண்டே இருப்பார்கள். அடைப்புக்கு வெளியே, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தெரு வரை எல்லாருமாகச் சேர்ந்து நடந்துபோய் அங்கிருந்து கூப்பிடுங்கள்.

ஞாயிறு

போ-காப்பில் ஞாயிறு காலை கூசிஸ்டர் வாங்குவது கேப் வழக்கம். மாவில் சோம்பு, பட்டை, ஏலம், உலர்ந்த நார்ச்சி (கமலா ஆரஞ்சு) தோல் போட்டுப் பொரித்து, சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு, தேங்காய்ப்பூவில் புரட்டியது. வெதுவெதுப்பாகச் சாப்பிட வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் சட்டி காலியாக இருக்கும். கூடுதலாக ஒரு டஜன் டர்பனுக்கு எடுத்துப் போகிறவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் ஒற்றை அடுக்காக வையுங்கள், அடுக்கினால் பாகில் ஒட்டிக்கொள்ளும்.

திரும்பும் விமானத்தை ஞாயிறு மதியத்துக்கு முன் போடாதீர்கள். சனி இரவு எப்போது படுப்பீர்கள் என்று தெரியாது. மாலை விமானமே சரி. அன்று ஊருக்குத் திரும்பும் கூட்டம் முழுக்க விமான நிலையத்தில் இருக்கும், இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கடன் வாங்கிய நாற்காலியும் கூலர் பாக்ஸும் இருந்தால் வழியில் ரைலண்ட்ஸில் இறக்க இன்னும் நாற்பது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 2-க்கு வரமுடியாத நண்பர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஊர்வலத்துக்குப் பிறகு வரும் வாரக்கடைசிகளில் அத்லோன் போன்ற மைதானங்களில் குழுக்களுக்குள் போட்டி நடக்கும். டிரம் மேஜர், அணிவகுப்பு, சேர்ந்திசை, மொப்பி எனும் நகைச்சுவைப் பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசு. அதற்கு டிக்கெட் வாங்கவேண்டும், ஆனால் உட்கார்ந்து பார்க்கலாம், பாட்டும் தெளிவாகக் கேட்கும். ஜனவரி நடுவில் விமானக் கட்டணமும் இறங்கியிருக்கும்.